பொலிரோவைக் கப்பலில் மொம்பாசாவுக்கு அனுப்பி அங்கிருந்து ஓட்டப்போகிறோம்: கன்டெய்னரா, ரோரோவா?

சத்துவாச்சாரி_23 கேட்டது:

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். பிசியோதெரபிஸ்ட் வேலையில் இருக்கிறேன். அப்பாவுக்கு 61 வயது, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் 2015 மாடல் பொலிரோ இருக்கிறது. அடுத்த ஜூன் மாதம் அதைக் கப்பலில் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் விமானத்தில் போய் வண்டியை எடுத்துக்கொண்டு, தான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப் டவுன் வரை ஓட்டுவதாக இருக்கிறோம். கையில் மூன்று மாதம்.

அப்பா சர்வீஸில் இருந்தபோது ஜவ்வாது மலையில் லைன் பார்க்க ஜமுனாமரத்தூர் வரை ஜீப்பில் போய்வருவார். மழையில் மரம் சாய்ந்தால் நடு இரவிலும் கிளம்புவார். பாதை இல்லாத இடத்தில் வண்டியை எப்படி நகர்த்துவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதனால் ஓட்டுவதைப் பற்றி இரண்டு பேருக்கும் பயமில்லை.

கப்பல்தான் புரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் துறைமுகத்துக்குள் கால் வைத்ததில்லை. பேசிய ஏஜென்டுகளில் ஒருவர் ரோரோ என்கிறார், இன்னொருவர் கன்டெய்னர்தான் என்கிறார். வேலூருக்கே கன்டெய்னர் வரும், வீட்டு வாசலில் ஏற்றிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது நடக்குமா? கூரை மேல் கேரியரும் அதன் மேல் கூடாரமும் போட்டிருக்கிறோம், கழற்ற வேண்டியிருக்குமா? மொம்பாசாவில் வண்டி கைக்கு வர எத்தனை நாள் வைத்துக்கொள்வது? அப்பா இரண்டு நாள் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இப்படி அனுப்பி ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பாலாற்றங்கரை (குடியாத்தம்) எழுதியது:

சகோதரி, நான் தரைவழியாக நேபாளம் வரை ஓட்டியதோடு சரி, கப்பலில் அனுப்பியதில்லை. ஆனால் நீங்கள் எடுத்த பாதை நல்ல பாதை. கென்யாவில் தொடங்கி கேப் டவுன் வரை எல்லா நாட்டிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிக்கு ஒரு தொல்லையும் இல்லை. நேபாளத்தில் இருந்தபோது மேற்கே போகலாமா, கிழக்கே போகலாமா என்று நிறைய விசாரித்தேன். மேற்கே பாகிஸ்தான் எல்லையில் நின்றுவிடுகிறது. கிழக்கே மியான்மர் 2021-க்குப் பிறகு நம்பிப் போகிற மாதிரி இல்லை. ஆக, கப்பல் ஏறாமல் நம் வண்டி தூர தேசம் பார்ப்பது கஷ்டம்.

மாதமும் சரிதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழை. ஜூனில் மண் பாதைகள் காய ஆரம்பித்துவிடும்.

ஒன்று யோசியுங்கள். மும்பை நவா ஷேவாவிலிருந்து மொம்பாசாவுக்கு நேரடிக் கப்பல் கிடைக்கும். நம் 48-ஆம் நம்பர் நெடுஞ்சாலையே பெங்களூரு, புனே வழியாக மும்பை போகிறது. ஓட்டிக்கொண்டு போய் அங்கே ஏற்றலாமே?


பெட்டிக்காரன் (ராணிப்பேட்டை) எழுதியது:

அம்மா, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் 31 வருடம் ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் தோல் கம்பெனிகளில் ஷிப்பிங் செக்‌ஷனில் இருந்தவன். கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். எத்தனை பெட்டி அனுப்பினேன் என்று கணக்கில்லை. ஆனால் ஒரு பெட்டியின் பின்னாலேயே போய், அது மறுகரையில் திறப்பதை நின்று பார்த்தது ஒரே ஒரு முறை. 2019-இல், அதற்குள் என் பொலிரோ இருந்தபோது. உங்களைப் போலவே மொம்பாசாவில் தொடங்கினேன், கூட என் மச்சான். முடித்தது மட்டும் கேப் டவுனில் அல்ல, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் டர்பனில். அதை அப்புறம் சொல்கிறேன்.

ரோரோவா பெட்டியா என்றால், பெட்டி. ரோரோ என்பது வண்டியை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றுவது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்கிற புதுக் கார்கள் எண்ணூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அப்படித்தான் போகின்றன. புது வண்டிக்கு அது சரி. நம் வண்டிக்குள் பாத்திரம், டூல்ஸ், டயர் எல்லாம் இருக்கும். ரோரோவில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், உள்ளே சாமான் வைக்கவும் விடமாட்டார்கள். பெட்டியில் நாமே ஏற்றி, நாமே கட்டி, கதவுக்கு சீல் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். உள்ளே இருக்கிற சாமானை மட்டும் பேக்கிங் லிஸ்டில் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

20 அடிப் பெட்டிக்குள் நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35. உங்கள் 2015 மாடல் பொலிரோ நீளம் 4.1 மீட்டர், அகலம் 1.75. தாராளமாக நிற்கும். உயரம்தான் கவனிக்க வேண்டியது. பெட்டியின் உள் உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், கதவு வாய் அதைவிடத் தாழ்வு, 2.28 மீட்டர். வண்டி 1.88. அதன் மேல் கேரியர் ஒரு 15 சென்டிமீட்டர், மடித்த கூடாரம் 30 என்றால் இடித்துவிடும். கூடாரத்தைக் கழற்றி வண்டிக்குப் பின்னால் வையுங்கள். ஏறக்குறைய 1.8 மீட்டர் இடம் மிச்சம் இருக்கும். வண்டியை நடுவில் நிறுத்த வேண்டாம். இடது சுவர் ஓரமாக ஒட்டி நிறுத்தினால்தான் ஓட்டியவர் வலது கதவைத் திறந்து வெளியே வர முடியும். என் மச்சான் நடுவில் நிறுத்திவிட்டு, பின் கதவு வழியாகத் தவழ்ந்து வந்தார்.

வீட்டு வாசலில் ஏற்றலாம் என்று சொன்னவரை நம்பாதீர்கள். தோல் கம்பெனியில் சரக்கை அங்கேயே ஏற்றி சீல் வைப்பது வேறு. தனி ஆளின் கார் திரும்பி வரப்போகிற கார். அதன் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் சுங்க அதிகாரி காகிதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பதிவு சுத்தமாக இருந்தால்தான் திரும்பி வரும்போது உங்கள் வண்டியை வெளிநாட்டு இறக்குமதி என்று நினைக்காமல் விடுவார்கள். அதனால் மணலி, மாதவரம் பக்கம் இருக்கும் சி.எஃப்.எஸ். (சுங்கம் சோதித்துப் பெட்டியில் சரக்கு ஏற்றும் கிடங்கு) ஒன்றுக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சேசிஸ் நம்பர் மேல் துரு இருந்தால் இப்போதே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

மும்பையா சென்னையா என்று குடியாத்தத்து நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. சென்னைப் பெட்டிகள் பெரும்பாலும் கொழும்பில் இறங்கி வேறு கப்பல் ஏறும். என் பெட்டி அங்கே 8 நாள் கிடந்தது. ஆனாலும் நான் சென்னையைத்தான் சொல்வேன். ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்து விட்டுப்போனால் ராணிப்பேட்டையில் விடியற்காலை பஸ் ஏறி பத்து மணிக்கு ஏஜென்ட் ஆபீஸில் நிற்கலாம். மும்பையில் அது முடியாது. இரண்டு முறை அப்படி நின்றேன்.

பெட்டியை வாங்கியதும் முதல் வேலை: உள்ளே நுழைந்து, கதவை வெளியிலிருந்து மூடச் சொல்லுங்கள். இருட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எங்கேயாவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், கடல் தண்ணீர் உள்ளே வரும். எங்கள் தோல் ஷாப்பில் இதைச் செய்யாமல் ஒரு பெட்டியையும் ஏற்றியதில்லை. அடுத்தது ஈரம். பகலில் வெயிலில் காய்ந்து இரவில் குளிர்ந்தால் பெட்டியின் கூரையில் வியர்த்துச் சொட்டும். தோலில் பூசணம் பிடிப்பது இப்படித்தான், கார் சீட்டுக்கும் அதே கதிதான். ஈரம் உறிஞ்சும் பைகள் எட்டு வாங்கி வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் தொங்கவிட்டேன். மொம்பாசாவில் திறந்தபோது தண்ணீர் கோத்து ஒவ்வொன்றும் கனத்துக் கிடந்தது, சீட் மட்டும் காய்ந்திருந்தது.

டீசல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். பேட்டரி வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். கேஸ் சிலிண்டர் கூடவே கூடாது, அடுப்பை மட்டும் எடுத்துப் போய் சிலிண்டர் அங்கே வாங்குங்கள். பெல்ட் போட்டுக் கட்டும்போது பாடியில் கட்டினால் கப்பல் ஆட்டத்துக்கு ஸ்பிரிங் அமுங்கி எழும்பி பெல்ட் தளர்ந்துவிடும். சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்க வேண்டும். சூடுபடுத்தி பூச்சி கொன்ற மரம் என்பதற்கு அதுதான் அடையாளம், உலகம் முழுக்க அதைத்தான் பார்ப்பார்கள். பெட்டியின் மொத்த எடையை எடைபோட்டு எழுதிக் கொடுப்பது 2016 ஜூலை முதல் கட்டாயம், அது இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கப்பலுக்கு ஆபத்து வந்து, அதைக் காப்பாற்ற ஆன செலவை ஜெனரல் ஆவரேஜ் என்று அறிவித்தால், சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் மாட்டிக்கொண்டபோது அதைத்தான் அறிவித்தார்கள். உங்கள் சரக்குக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும் பங்கைக் கட்டினால்தான் பெட்டி கைக்கு வரும். அதையும் சேர்த்துக் காக்கும் பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அப்பா இரண்டு நாள் போதும் என்கிறார். கப்பல் கரை தொட்டபின் என் வண்டி கைக்கு வந்தது ஒன்பதாம் நாள். அதில் நான்கு நாள் என் பெயரால் போனது.

ஆர்.சி. புத்தகத்தில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால். கார்னெட்டில், அதாவது வண்டியைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கான சுங்கப் புத்தகத்தில், இனிஷியல் பின்னால். பி.எல். என்கிற கப்பல் ரசீதில் இனிஷியலே இல்லை. வேலூர் ஜில்லாவில் இந்த நாலும் ஒரே ஆள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. மொம்பாசாவில் அது நாலு ஆள். அந்த அதிகாரி மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். ஆனால் பெட்டி யாருக்கு வந்ததோ அவருக்குத்தானே கொடுக்க முடியும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். சென்னையிலிருந்து கப்பல் கம்பெனி திருத்தம் போட்டு அனுப்பும் வரை நான்கு நாள். அந்த நான்கு நாளும் துறைமுக வாடகை ஏறியது. 31 வருடம் பி.எல். சரிபார்த்தவன் நான், கம்பெனிப் பெயரைத்தான் பார்த்துப் பழகியிருந்தேன், சொந்தப் பெயரைப் பார்க்கத் தோன்றவில்லை. அம்மா, உங்கள் பாஸ்போர்ட்டில் எழுத்து எப்படி இருக்கிறதோ, அதே எழுத்து, அதே வரிசை, எல்லாக் காகிதத்திலும் இருக்கட்டும். ஆர்.சி. வேறு மாதிரி இருந்தால் கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் திருத்துங்கள்.

கார்னெட்டை நான் மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கத்தில் வாங்கினேன். வண்டிக்கு அது பாஸ்போர்ட் மாதிரி. ஒரு வருடம் செல்லும். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு. ஒரு நாட்டுக்குள் நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு நம்மிடம் தங்கும், அதில் இரண்டு முறையும் முத்திரை விழ வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டீர்கள் என்று பொருள், வங்கி உத்தரவாதத்தில் கை வைப்பார்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். முத்திரை குத்துவதை நீங்களே நின்று பாருங்கள், தேதி தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அப்புறம் நகருங்கள்.

ஆகவே 12 நாள் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். டெமரேஜ் என்பது பெட்டி துறைமுகத்தில் தங்குவதற்கு, டிடென்ஷன் என்பது காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வரை. இரண்டுக்கும் எத்தனை நாள் இலவசம் என்று சென்னையிலேயே எழுத்தில் வாங்குங்கள், கேட்டால் கூட்டித் தருவார்கள். சனிக்கிழமை கப்பல் வந்தால் ஞாயிறும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.

அந்த நாட்களை வீண் என்று நினைக்க வேண்டாம். காலையில் ஏஜென்ட் ஆபீஸ், மாலையில் நானும் மச்சானும் போர்த்துகீசியர் கட்டிய ஜீசஸ் கோட்டை ஓரமாகப் போய் உட்காருவோம். 1590-களில் கட்டியது, நம் வேலூர்க் கோட்டையும் அதே நூற்றாண்டுதான். கீழே கடல் இருப்பதால் அகழி நினைவு வந்துகொண்டே இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து சுவாஹிலி பத்துப் பதினைந்து வார்த்தை பிடித்தோம். வண்டிக்கு அவர்கள் ‘காரி’ என்கிறார்கள், நம் வடக்கத்தி ‘காடி’ கடல் தாண்டிப் போனது. கடைக்கு ‘டுக்கா’. வழியில் டயர் வெடித்த அன்று அந்தப் பத்து வார்த்தைதான் கை கொடுத்தது.

ஒன்பதாம் நாள் சீலை வெட்டினார்கள். கதவு திறந்ததும் டி.என். 73 நம்பர் பலகை தெரிந்தது. டேஷ்போர்டில் என் மனைவி வைத்த விபூதிப் பொட்டலம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கட்டு நகரவே இல்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். மச்சான் பேட்டரி வயரை மாட்டினார், இரண்டாவது சாவித் திருப்பலில் எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

டர்பன் விஷயத்துக்கு வருகிறேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் இறங்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கப்பல் அதுதான். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனார்கள். சென்னையில் கப்பல் ஏறியவர்களில் நம் வடஆற்காடு ஜில்லாக்காரர்கள் மிக அதிகம். ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆளுக்கு ஒரு நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர். டர்பனில் 1860 மரபு மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இந்தப் பட்டியல்களைப் பற்றி உட்கார்ந்து பேசினேன். ஆயுள் முழுக்க நான் எழுதியதும் இதே மாதிரிப் பட்டியல்தான்: பெட்டி நம்பர், சரக்கு, எடை, ஊர். என் பட்டியலில் தோல் இருந்தது, அவர்கள் பட்டியலில் மனுஷர்கள். ஜில்லா என்ற இடத்தில் வடஆற்காடு என்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பெரும்பாலானவர்கள் திரும்பி வரவேயில்லை. நான் அதே துறைமுகத்தில் என் வண்டியை ஏற்றி, ரசீது வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கேப் டவுன் போங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கிருந்து கிழக்கே டர்பன் வரை ஓட்டி, அங்கே பெட்டி ஏற்றுங்கள். ஐந்து நாள் கூடுதலாகும்.


சத்துவாச்சாரி_23 எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். டர்பன் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். அவருடைய தாத்தாவின் அண்ணன் ஒருவர் ஆரணியிலிருந்து கப்பலேறிப் போனவர் என்று வீட்டில் சொல்வார்களாம், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இதுவரை அப்பா சொன்னதே இல்லை. டர்பனைப் பாதையில் சேர்த்துவிட்டோம்.

பெயர் விஷயத்தைப் பார்த்தேன். ஆர்.சி.யில் அப்பா பெயர் ஒரு எழுத்து வேறு. நாளைக்கே போகிறோம்.

இன்னும் மூன்று கேள்வி. கென்யாவில் 8 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை உள்ளே விடமாட்டார்கள் என்று படித்தேன். எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, என்ன செய்வது? மஞ்சள் காய்ச்சல் ஊசி அப்பாவுக்கு 61 வயதில் போடலாமா? பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் மூன்று மாதத்துக்கு வண்டியிலேயே வைத்து அனுப்பலாமா?


கிலிண்டினி_வாணியம்பாடி எழுதியது:

அக்கா, நான் வாணியம்பாடி, ஆறு வருடமாக மொம்பாசாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு பெட்டியாவது எங்களுக்கு வரும்.

8 வருடக் கணக்கு இங்கேயே பதிவு செய்து வைத்துக்கொள்கிற வண்டிக்குத்தான். கார்னெட்டில் வருவது இறக்குமதி ஆகாது, வந்து போகிற வண்டி. ஐரோப்பாவிலிருந்து முப்பது நாற்பது வருட லேண்ட்ரோவர்கள் இந்தத் தெருவில் போவதைப் பார்க்கிறேன். கவலை வேண்டாம்.

ஐயா சொல்லாத ஒன்று. பி.எல்.-இல் சரக்கு இறங்குமிடமும் ஒப்படைக்கும் இடமும் இரண்டுமே மொம்பாசா என்று இருக்க வேண்டும். 2017-இல் புது ரயில் வந்தபின் ஏராளமான பெட்டிகள் ரயிலில் ஏறி நைரோபி உலர் துறைமுகத்துக்குப் போய்விடுகின்றன. ஒப்படைக்கும் இடம் நைரோபி என்று விழுந்துவிட்டால் நீங்கள் இங்கே நின்றுகொண்டிருப்பீர்கள், வண்டி 480 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நீங்கள் நைரோபியில் விமானம் இறங்கி இதே ரயிலில் மொம்பாசா வரலாம், பகல் வண்டியில் ஜன்னலோரம் கேளுங்கள், சாவோ காட்டில் யானை தெரியும்.

இங்கிருந்து தான்சானியா போக நைரோபி போக வேண்டியதில்லை. நைரோபி ரோட்டில் வோய் வரை போய் இடது பக்கம் திரும்பினால் தவேட்டா எல்லை, நல்ல தார் ரோடு. எல்லை தாண்டினால் மோஷி, கிளிமஞ்சாரோ அடிவாரம். வோய் வரைதான் லாரிக் கூட்டம். நம் பள்ளிகொண்டா, வாலாஜா பக்கம் ஓட்டியவர்களுக்குப் பழக்கமானதுதான், ஆனால் இரவில் ஓட்டாதீர்கள்.

பொடியை பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, தான்சானியாவிலும் 2019 ஜூன் முதல் தடை. எவர்சில்வர் டப்பா, கண்ணாடி பாட்டில்தான். ஊரிலிருந்து அம்மா வந்தபோது துணிமணியைக் கூடக் கவரில் கட்டிக்கொண்டு வந்தார், விமான நிலையத்திலேயே எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிட்டார்கள்.


பெட்டிக்காரன் (ராணிப்பேட்டை) எழுதியது:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் பி.எல்.-இல் மொம்பாசா என்றே இருந்ததால் எனக்கு அந்த அனுபவம் இல்லை. பிளாஸ்டிக் தடை எனக்கும் தெரியும். நான் தான்சானியாவுக்குள் நுழைந்தது அந்த ஜூன் மாதமே. இருந்த கவரையெல்லாம் எல்லையில் கொடுத்துவிட்டு, மிளகாய்ப்பொடியை மச்சானின் துண்டில் முடிந்துகொண்டோம்.

ஊசிக்கு வருகிறேன். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் நேரே திரும்பி வந்தால் நம் நாட்டிலேயே 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஆனால் 60 வயதுக்கு மேல் இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். அதனால் அப்பாவை முதலில் அவரைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள், சாப்பிடுகிற மாத்திரைகளைச் சொல்லுங்கள், டாக்டர் சரி என்ற பிறகு தேதி வாங்குங்கள். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மலேரியா மாத்திரையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சர்வதேச லைசென்ஸுக்கு நம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே 4-ஏ படிவம் கொடுத்தால் போதும், அதுவும் ஒரு வருடம்தான். இரண்டு பேரும் எடுங்கள்.

போட்ஸ்வானாவில் கோமாரி நோய்க்காக வேலி போட்டு வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பச்சை இறைச்சி, பால் பொருள் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், நெய் பாட்டில் எங்களிடம் போனது அங்கேதான். சாம்பியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்கு சாம்பேசி ஆற்றை கசுங்குலாவில் நான் மிதவையில் கடந்தேன், லாரிகளோடு வரிசையில் அரை நாள். 2021-இல் பாலம் திறந்துவிட்டார்கள், உங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. போட்ஸ்வானாவுக்குள் நுழைந்துவிட்டால் நமீபியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் ஒரே சுங்க ஒன்றியம், கார்னெட்டில் நுழையும்போது ஒரு முத்திரை, கடைசியாக டர்பனில் ஒரு முத்திரை. இடையில் யாராவது தாளைக் கிழிக்க வந்தால் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆரணிப் பெரியவர் பெயர் ஏதாவது தெரிந்தால், அவருடைய தகப்பனார் பெயரும், ஊர்ப் பெயர் அந்தக் காலத்தில் எப்படிச் சொல்வார்களோ அதுவும் வீட்டில் வயதானவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். பட்டியலில் ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் ஒரே ஊர் நாலு விதமாக இருக்கும். தகப்பனார் பெயர் இருந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும். ஏறிய வருடம் ஏறக்குறைய தெரிந்தால் இன்னும் நல்லது.

வரும் ஞாயிறு வண்டியை ராணிப்பேட்டைக்கு ஓட்டி வாருங்கள். கேரியரும் கூடாரமும் போட்டபடியே வாருங்கள், கழற்ற வேண்டாம். என்னிடம் 5 மீட்டர் டேப் இருக்கிறது, கதவு வாய்க்கு அளந்து பார்த்துவிடலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டர்பனில் நான் எடுத்த குறிப்புகள் ஒரு நோட்டு இருக்கிறது, ஆரணி என்று வருகிற இடங்களைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.